மேல்குரல் இல்லாமல்

யுகேந்திரன் தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழகத்தில் இசைப் படிப்பைப் பாதியில் விட்டவன். இப்போது கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை. மகன் ரூபன் லாரியில் அடிபட்டுச் செத்த பிறகு அவன் காதில் ஏறியது ஒரே பாட்டுதான். நானூறு வருடத்துக்கு முந்திய லத்தீன் தேவாலயப் பாட்டு. வாத்தியம் கிடையாது, ஐந்து குரல்கள் மட்டும். அதில், மகனைப் பறிகொடுத்த ராஜா ஒருவன் அழுகிறான்.

ரூபனின் தலைத்திவசத்தில் அது ஒலிக்க வேண்டும். வேறு எதுவும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

லத்தீன் பாட ஈப்போவில் அவனுக்கு யாரைத் தெரியும்? கல்யாண பேண்டுகாரர்களைத்தான் தெரியும். இரண்டு கிளாரினெட், ஒரு சாக்ஸபோன், ஒரு டிராம்போன். மெட்டைத் தாங்கும் மேல்குரலுக்கு விக்னேஸ்வரனின் நாதஸ்வரம். அதன் சுருதிக்காக ஐந்து பாகங்களையும் மாற்றி எழுதினான். சாமிப் பாட்டு என்று நினைத்து விக்னேஸ்வரனும் ஒத்துக்கொண்டார்.

பாடுகிறவன் வார்த்தை முடிகிற இடத்தில் மூச்சு எடுப்பான். ஊதுகிறவனுக்கு அந்த இடம் தெரியாது. அதனால் ஸ்வரங்களுக்கு அடியில் வார்த்தைகளையும் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தான்.

திவசத்துக்கு முதல் நாள் ஈப்போவின் சிலிபின் பகுதியில் கடைசி ஒத்திகை. விக்னேஸ்வரன் ஊத ஊத, யுகேந்திரன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தம்பி, மூச்சு எடுக்கிற இடத்துல எல்லாம் ஒரே வார்த்தை வருது. என்னலா அது?"

"'என் மகனே'ன்னு அர்த்தம்ண்ணே."

விக்னேஸ்வரன் குழலை மடியில் வைத்தார். "ஒப்பாரியா?"

"வார்த்தையத்தான் யாரும் பாடலையேண்ணே."

"எனக்குத் தெரிஞ்சிருச்சேப்பா. அடுத்த வாரம் தாலி கட்டறப்போ இதே குழலத்தான் எடுக்கணும். சாமி பேருன்னு சொல்லித் தொலைச்சிருந்தா ஊதியிருப்பேன்."

அவர் போய்விட்டார்.

"சாக்ஸ மேல ஏத்திரலாம், மச்சான்," என்றான் டிராம்போன் சீனி.

"அப்ப சாக்ஸோட பாகத்துக்கு நீ ஊளையிடுவியா?" என்றான் யுகேந்திரன்.

மேல்குரல் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

மறுநாள், பழைய ரப்பர்த் தோட்டத்து மண்டபத்தில் நான்கு பேர் வாசித்தார்கள். கீழ்க்குரல்கள் நான்கும் யாரோ வரப்போவதைப் போல இடம் விட்டு விட்டு நகர்ந்தன. யாரும் வரவில்லை.

கொழுந்தி குமுதா குனிந்து கேட்டாள். "மாமா, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

"பாதி முடிஞ்சிருச்சு."

இலை போடலாமா என்று சமையல்காரர் வாசலில் நின்று சைகை காட்டினார். போடச் சொல்லிக் கையை ஆட்டினான் யுகேந்திரன்.