அறுபது வயது இளந்தாரி

என் வீட்டுக்காரருக்கு வயது அறுபது. பார்த்தவர்கள் நாற்பது என்பார்கள். மலாயாவில் லாயாங் லாயாங் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் யாருக்கு மூட்டு வலித்தாலும் அவரிடம்தான் ரகசியம் கேட்டு வருவார்கள். விடியுமுன் பச்சைத்தண்ணீர்க் குளியல், தினமும் முருங்கைக்கீரை, சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு, அரை வயிற்றுச் சாப்பாடு, கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதது என்று மனிதர் விரலை மடக்கிச் சொல்வார். அந்தத் தண்ணீரை இறைத்தது யார், கீரை ஆய்ந்தது யார், முதுகு தேய்த்தது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. சொல்வதற்கும் தெம்பு வேண்டுமே.

எனக்கு ஐம்பத்திரண்டு. நாலு பல் போய்விட்டது, இடுப்பு நிமிராது. புதிதாக வந்த ஒருத்தி என்னை அவருடைய அம்மா என்றே நினைத்துவிட்டாள். அவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் ரப்பர் விலை படுத்துவிட்டது. உழைக்க முடியாதவர்களை ஊருக்குக் கப்பலேற்றப் போகிறார்கள் என்றார்கள். ஊரில் எங்களுக்கு யாருமில்லை, பிள்ளையும் இல்லை. எங்கே கிடந்தாலும் சேர்ந்து கிடக்க வேண்டும், அவ்வளவுதான் எங்கள் ஆசை. அவர் பயந்துபோய் மாலையிலும் குளிக்க ஆரம்பித்தார். நான் மாலையிலும் இறைத்தேன்.

ஆள் பார்க்கும் நாள் வந்தது. தண்ணீர் நிறைந்த இரண்டு ரப்பர்ப் பால் வாளிகளைத் தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தூக்கி நடக்கச் சொன்னார் துரை. என் வீட்டுக்காரர் விறுவிறுவென்று நடந்துபோய்த் திரும்பினார். நான் நாலடி வைத்தேன். முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சந்தனசாமி என் பெயரைக் கப்பல் பட்டியலில் எழுதினார்.

என் வீட்டுக்காரர் கிராணியின் மேசைக்கு ஓடினார்.

“எனக்கும் அறுபது ஆச்சுங்க ஐயா. என்னையும் சேத்து எழுதிக்குங்க.”

“உனக்கென்னய்யா ஐயாசாமி, இன்னும் பத்து வருசம் பால் மரம் சீவுவ. ஓசி டிக்கெட்டு முடியாதவங்களுக்குத்தான்.”

அவர் கூனிக் காட்டினார், இருமிக் காட்டினார். வரிசையே சிரித்தது. அவருடைய வைத்தியத்தைக் கேட்காதவர்கள் அங்கே யாருமில்லை. சொந்தக் காசில் கப்பலேறவும் எங்களுக்கு வக்கில்லை.

மறுநாள் விடியுமுன் பழக்கத்தில் கிணற்றடிக்குப் போனேன். அவர் எனக்கு முன்னால் வந்து தொட்டியை நிரப்பியிருந்தார். உள்ளங்கை சிவந்து கிடந்தது.

“உக்காரு செல்லம். நான் ஊத்துறேன்,” என்றார்.

கப்பலுக்கு ஒன்பது நாள் இருந்தது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கல்லில் உட்கார்ந்தேன். அவருக்கு முதுகு தேய்க்கத் தெரியவில்லை.

“இருவது வருசமா இந்தக் கயித்துல பாதியப் புடிச்சிருந்தீங்கன்னா,” என்றேன், “ரெண்டு பேரும் ஒண்ணாக் கெழடாயிருப்போம்.”

அவர் இன்னொரு வாளி இறைக்கப் போனார்.