ஹூஷங்கின் நிழலில் ஓடிய படம்

1992 பெப்ரவரியில் நியூசிலாந்தின் நியூ லின்னுக்குக் குடிவந்த ஈரானியர் ஹூஷங்கின் நிழல் கறுப்பாக விழவில்லை. அதில் படம் ஓடியது. வெயிலில் அவர் ஒரு சுவருக்கு முன்னால் நின்றால், நிழல் விழ வேண்டிய இடத்தில் பெண்கள் வந்து போனார்கள். ஒருத்தி கண்ணாடி பார்த்துத் தலை சீவினாள், ஒருத்தி கடலில் குளித்தாள், இன்னொருத்தி யாரோ ஒருவனுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே பல் தெரியச் சிரித்தாள். நல்ல கலர்ப் படம், சத்தம் மட்டும் கிடையாது. மேகம் மூடினால் நின்றுவிடும். ஆக்லாந்து வானத்தை நம்பி எந்தக் காட்சியையும் யாரும் முடிவுவரை பார்த்ததில்லை. மன்னாரிலிருந்து வந்த பெனடிக்ற், விக்ரோறியா தம்பதியின் வீட்டுப் பின்புற அறையில்தான் அவர் வாடகைக்கு இருந்தார். ஞாயிறு பூசை முடிந்து ஃபாதர் வருகிற நேரத்தில் முன்பக்கம் நிற்க வேண்டாம், அந்தக் கடலில் குளிக்கிறவளால் சங்கடம் என்று விக்ரோறியா கேட்டுக்கொண்டார். மூலையில் டெயரி என்கிற சில்லறைக் கடை வைத்திருந்த பிஜிக்காரர் தேவ் நாராயணோ, தன் கடைச் சுவரோரம் கொஞ்சம் நிற்கும்படி கெஞ்சினார், ஐஸ்கிரீம் கூடுதலாக விற்கிறதாம். ஒரு மாதத்தில் தெரு பழகிவிட்டது. புதிதாக வந்த சனங்களுக்கு இதைவிடப் பெரிய பிரச்சினைகள் இருந்தன.

ஹூஷங் தெஹ்ரானில் சினிமாப் படம் வெட்டி ஒட்டும் வேலை செய்தவர். புரட்சிக்குப் பிறகு பழைய படங்களில் தலையை மூடாத பெண்கள் வரும் இடங்களையெல்லாம் வெட்டி எடுக்கச் சொன்னார்கள். ஏழு வருடம் வெட்டினார். அவருடைய மனைவி மகின் அந்தக் காலத்தில் நாலு படங்களில் சின்னச் சின்ன வேஷம் கட்டியவர். எல்லாம் சேர்த்தால் ஒன்பது நிமிஷம் தேறும். வேறொருவன் கத்தி அவர்மேல் படக்கூடாது என்று அந்த ஒன்பது நிமிஷத்தையும் ஹூஷங் தானே வெட்டினார். மகினுடையதும் மற்றப் பெண்களுடையதுமாக வெட்டிய துண்டுகளை எரிக்க மனம் வராமல் சாப்பாட்டுப் பெட்டியில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். 1987இல் பிடிபட்டார். துண்டுகளை அவர் கண் முன்னாலேயே எரித்துவிட்டு, அவரை இரண்டு வருடம் உள்ளே வைத்தார்கள். வெளியே வந்த அன்று தெருவில் நடக்கும்போதுதான் நிழலைக் கவனித்திருக்கிறார். எரிந்ததெல்லாம் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. காலையில் பதினொரு மணிக்கு மகின் வருவார், பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்றில் பறக்கிற தலைமயிரை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு சிரிப்பார். பின்னேரம் நாலு மணிக்குமேல் பெண்கள் போய்விடுவார்கள், சிறை வரும். ஒரு அறை, ஒரு பல்ப், கட்டப்பட்ட கண்கள், வீங்கிய பாதங்கள். அந்த நேரத்தில் தெருவிலிருந்த எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்கள் கொடியில் காய்ந்த உடுப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். நாங்களும் இதெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வந்தவர்கள், ஆனால் எங்கள் நிழலைச் சுருட்டி வைக்கத் தெரிந்தவர்கள். விக்ரோறியா ஈர உடுப்புக் காயப்போடுவதைப் பதினொரு மணிக்கு மாற்றிக்கொண்டார். "இண்டைக்கு உங்கட மகின் வடிவாச் சிரிச்சவ" என்று பெனடிக்றை விட்டு இங்கிலிஷில் சொல்லச் சொல்வார். இந்த நாடு அகதியாக ஏற்றுக்கொண்டால் தெஹ்ரானில் தனியாக இருந்த மகினைக் கூப்பிடலாம். ஹூஷங் அந்த ஒன்றுக்காகத்தான் உயிரோடு இருந்தார்.

ஈரானியரிடம் ஒரு மரியாதை உண்டு. எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்பார்கள், இரண்டாம் தடவையும் வேண்டாம் என்பார்கள், மூன்றாம் தடவை கேட்டால்தான் கை நீட்டுவார்கள். முதல் தடவையே வாங்குகிறவன் அங்கே ஆசைப்பட்டு அலைகிறவன். விக்ரோறியாவோ ஒருவரையும் நாலு தடவைக்குக் குறையக் கேட்டதில்லை. "வெக்கப்படாமப் போட்டுச் சாப்பிடுங்கோ, மீன்குழம்பு கிடக்கு" என்று குசினியிலிருந்து கரண்டியோடு துரத்துவார். ஆகவே ஒன்றரை வருடம் ஹூஷங்கின் பழக்கம் யார் கண்ணிலும் படவில்லை. இந்த நாடே இப்படித் திரும்பத் திரும்பக் கேட்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். எங்கள் உபசரிப்பு அந்த மனுஷனுக்குச் செய்த கெடுதல் இவ்வளவுதான் என்று சொல்ல முடியாது.

அகதி விசாரணை 1993 ஒக்ரோபரில், நகர மையத்தில் ஒரு கட்டடத்தின் ஆறாம் மாடியில், பின்னேரம் நாலு மணிக்கு நடந்தது. ஜன்னல் திரை மூடியிருந்தது. நிழலைக் காட்டினால் போதும், வேறு சாட்சியே தேவையில்லை என்று பெனடிக்ற் சொல்லி அனுப்பிவிட்டு வெளியே காத்திருந்தார். விசாரித்த பெண் நல்லவர், அதை யாரும் மறுக்கவில்லை. திரையை விலக்கட்டுமா என்று கேட்டார். உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றார் ஹூஷங். சிறையில் நடந்ததைச் சொல்ல விருப்பமா என்று கேட்டார். உங்கள் காதுக்குத் தகுந்த விஷயம் இல்லை என்றார் ஹூஷங். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டாம் தடவை கேட்பதற்காகக் காத்திருந்தார். அந்தப் பெண் பேனாவை மூடி, வந்ததற்கு நன்றி சொன்னார். திரும்பி வரும் பஸ்ஸில் நடந்ததைக் கேட்ட பெனடிக்ற், கோபத்தில் தமிழிலேயே கத்திவிட்டார்: "அது விக்ரோறியாட குசினி எண்டு நினைச்சீரோ?" ஹூஷங்குக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். நாலு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. விண்ணப்பதாரரிடம் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை, ஆகவே நிராகரிக்கப்படுகிறது. "நான்தானே கேட்டுக் கேட்டுப் பழக்கிக் கெடுத்தனான்" என்று விக்ரோறியா இரண்டு நாள் அழுதார்.

அப்பீலுக்கு லோயர் சதாசிவம் வந்தார். நிழலைப் படம் பிடித்துக் கொடுத்தால் மேகத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை என்றார். 1995 கோடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கமராவோடு வந்து மூன்று கிழமை படமெடுத்தார். நாலு மணி நேரம் வந்தது, அப்பீலில் பார்ப்பது இருபது நிமிஷம்தான். சதாசிவம் முழுவதையும் பார்த்துவிட்டுத் தாடையைத் தடவினார். "சிரிக்கிற பொம்பிளையளைக் காட்டினா, அங்க என்ன குறையெண்டு கேப்பினம். சிறை மட்டும் போதும்" என்றார். படவிழாக்களில் ஈரான் என்றால் சனம் எதிர்பார்ப்பதும் அதைத்தான் என்று கமராக்காரப் பெண்ணும் சொன்னார். தொழில் தெரிந்தவர் என்பதால் வெட்டும் வேலையை ஹூஷங்கிடமே கொடுத்தார்கள். முடியாது என்றார். மறுபடி கேட்டார்கள், முடியாது என்றார். சதாசிவம் எங்கள் ஆள், மூன்றாம் தடவையும் கேட்கத் தெரிந்தவர். மகின் வர வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார். ஹூஷங் கத்தியை எடுத்தார். தலை சீவியவளையும் தேநீர் ஊற்றியவளையும் வெட்டி எடுத்தார். கடலில் குளித்தவளை எடுக்கும்போது கொஞ்சம் தாமதித்தாராம். மகினின் ஒன்பது நிமிஷத்தைக் கடைசியாக வெட்டினார்.

அடுத்த நாள் பதினொரு மணிக்கு விக்ரோறியா உடுப்புக் காயப்போட வந்தார். ஹூஷங் நின்ற கராஜ் சுவரில் அறையும் பல்பும் தெரிந்தன. பன்னிரண்டுக்கும் அதுதான், ஒன்றுக்கும் அதுதான். பெண்கள் அன்றைக்கும் வரவில்லை, பிறகும் வரவில்லை. தேவ் நாராயண் தன் கடையோரம் நிற்க வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். அந்த இருபது நிமிஷத்தைப் படவிழாவில் பார்த்த சனம் எழுந்து நின்று கைதட்டியது, ஈரானை இன்றுதான் புரிந்துகொண்டோம் என்று கண்ணைத் துடைத்தது. 1996 ஜூலையில் அப்பீல் வென்றது. கேக் வெட்டினோம். ஹூஷங் கத்தியை மட்டும் பெனடிக்றின் கையில் கொடுத்துவிட்டார்.

மகின் 1997 ஏப்ரலில் வந்து இறங்கினார். வயது நாற்பத்தொன்பது, தலை நரைத்துக் கட்டையாக வெட்டியிருந்தது. விக்ரோறியா தூரத்திலேயே அடையாளம் கண்டு ஓடிப்போய்க் கட்டிப்பிடித்ததும் அந்த மனுஷி திகைத்துப்போனார். தன் இளமை இந்த உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் மிச்சம் இருக்கிறது என்று ஹூஷங் கடிதங்களில் எழுதியதை நம்பி வந்தவர் அவர். கடைசி இரண்டு வருடக் கடிதங்களில் ஹூஷங் எதை எழுதாமல் விட்டார் என்பது மகினுக்குத் தெரியாது. அடுத்த நாள் பதினொரு மணிக்கு ஹூஷங்கைக் கராஜ் சுவருக்கு முன்னால் நிறுத்திவிட்டு, தேநீரோடு எதிரே கதிரை போட்டு உட்கார்ந்தார். நல்ல வெயில். அரை மணி நேரம் அந்த அறையையும் பல்பையும் பாதங்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எங்கே என்று கேட்டார். ஹூஷங் சொன்னார். முதல் தடவை அவர்களுக்குப் பயந்து வெட்டினேன், இந்தத் தடவை நீ வருவதற்காக வெட்டினேன் என்றார். இரண்டு தடவையும் வெட்டுப்பட்டது நான்தான் என்றார் மகின். பிறகு ஆறிய தேநீரைக் குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்தார். இதையெல்லாம் மகினே ஆறு மாதம் கழித்து, இங்கிலிஷ் வந்த பிறகு, விக்ரோறியாவிடம் சொன்னதுதான்.

அவர்கள் இப்போதும் சேர்ந்துதான் இருக்கிறார்கள். மகின் ஷாப்பிங் மாலில் உடுப்புத் திருத்தும் கடையில் வேலை செய்கிறார். சனிக்கிழமைகளில் இருவரும் காய்கறி வாங்க நடந்து போவார்கள். நாங்கள் கண்டால் தலையாட்டுவோம், எதிரில் வருகிறவர்கள் வெயிலைக் குறைசொல்லிக்கொண்டு கடந்துபோவார்கள். ஹூஷங்கின் நிழலில் அந்தச் சிறை அறை நடைபாதையில் அவர்களோடு கூடவே வரும். மகின் அதை மிதிக்காமல் நடக்கப் பழகிக்கொண்டார்.