தாட்சாயணியின் முந்தானையில் மைதா

1

திருமலையில் நிற்பவன் சாட்சி, என் வாயில் மிச்சமிருக்கும் பற்கள் சாட்சி: இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. அடைப்புக்குறிக்குள் வருவதும் உண்மைதான். அது கொஞ்சம் தணிந்த குரலில் சொன்ன உண்மை.

இந்தக் கதை ஒரு ஷாம்பு பாட்டிலின் முதுகில் பிறந்தது. குளிக்கப் போன இடத்தில் படிக்க வேறொன்றும் கிடைக்காமல் அந்த முதுகைப் படித்தேன். அங்கே 'ட்ரிட்டிகம்' என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். விசாரித்ததில், அவர் நம் கோதுமை. கடையில் கோதுமையாக இருப்பவர், லேபிளுக்குள் போனதும் லத்தீன் பெயர் வைத்துக்கொள்கிறார். பெயரை மாற்றிக்கொண்டு அடுத்தவர் குளியலறையில் ஒளிந்திருப்பவரை யாரும் நல்லவர் என்று சொல்லமாட்டார்கள். அன்றைக்கு எனக்குச் சந்தேகம் பிடித்தது. சந்தேகம் பிடித்த எழுத்தாளனுக்கு ஒரு கதாநாயகி வேண்டும்.

2

முதல் தொடக்கம்: "தாட்சாயணி பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அவளுக்கு ஒரு—"

வேண்டாம். வாயில் நுரையோடு ஒரு பெண்ணைப் பேசவிட்டால் வாசகருக்கு ஒன்றும் விளங்காது.

இரண்டாவது: "நகரியில் அன்று நல்ல மழை. தெருவெல்லாம்—"

மழை பெய்யவில்லை. சத்தியம் வேறு செய்து தொலைத்திருக்கிறேன்.

ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன். தாட்சாயணி நகரிப் பக்கத்தில் விசைத்தறி ஓட்டுகிறவள். புருஷன் ஆதிநாராயணன் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். போன வருஷம் அவளுக்கு வயிறு ஊதி, எடை இறங்கி, தலைமுடி கொட்டியது. திருப்பதியில் ஒரு டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்து, உள்ளே குழாய் விட்டும் பார்த்து, கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்ற சத்து அவள் குடலுக்கு ஆகாது என்றார். அன்றே ரவை, மைதா, சேமியா எல்லாம் வீட்டை விட்டுப் போயின. வருஷம் திரும்பியது. ரத்தத்தில் இறங்க வேண்டிய எண் இறங்கவில்லை.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"நிஜம் சொல்லம்மா. கோதும எங்கியோ வாய்க்குள்ள போய்க்கினே இருக்குது. சப்பாத்தியா, பூரியா?"

"சத்தியமா இல்லீங்க டாக்டர். உப்புமா வாசன வந்தாக்கூட தெருவத் தாண்டி நடக்கறேன்."

"அப்ப வேற வழியில போவுது. பேஸ்ட்டு, லிப்ஸ்டிக்கு, மாத்திர எல்லாம் பாரு. தோல்ல பூசறது பர்வாலேதம்மா, ஒண்ணும் ஆவாது. உதட்டுல ஒட்டறது, கையில ஒட்டி வாய்க்குப் போறது, அதான் டேஞ்சர்."

திரும்பும்போது ஆதிநாராயணன் ஆட்டோ கண்ணாடியில் அவளைப் பார்த்தபடியே ஓட்டினான்.

"டாக்டரம்மா டீசென்ட்டா கேட்டாங்க. நான் நேரா கேக்கறேன். யாருக்கும் தெரியாம இன்னா துன்ற?"

"மண்ணத் துன்றேன்."

"அடுத்த டெஸ்ட்டுலயும் எறங்கலன்னா, பிச்சாட்டூர்ல உங்க நைனா வூட்ல உட்டுட்டு வந்துருவேன். அங்க கோதுமையோட குடும்பம் நடத்து."

தாட்சாயணி ஆட்டோவிலேயே ஒன்று முடிவு செய்தாள். குற்றவாளியைக் கையும் மாவுமாகப் பிடித்து இவன் மடியில் போடுவது.

3

முதலில் பற்பசை. உறையில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டாள்.

"இதுல கோதும மாவு இருக்குதா?"

"மேடம், இது பற்பசை."

"தெரியும்பா. அதுக்குள்ள ஒளிஞ்சிக்கினு இருக்குதான்னு கேக்கறேன்."

இருக்க வாய்ப்பில்லை என்று அந்தப் பக்கம் சொன்னார்கள். வாய்ப்பில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவே ஒரு சப்பாத்தி போகும் என்று அவளுக்குத் தோன்றியது. உப்பில் பல் துலக்க ஆரம்பித்தாள். லிப்ஸ்டிக் அடுத்த வீட்டுக்குப் போனது. டானிக், தலைவலி மாத்திரை, வாய் கொப்பளிக்கிற மருந்து எல்லாம் ஜன்னலில் வரிசையாக நின்று விசாரணைக்குக் காத்திருந்தன. கடைசியில் அவள் பார்வை புருஷனின் மீசையில் போய் நின்றது. சலூன்காரன் கொடுத்த மீசை எண்ணெயின் முதுகில் கோதுமை முளை எண்ணெய் என்று அச்சடித்திருந்தது.

"மீசையக் கழுவிக்கினு வா. இல்லன்னா தூரப் படு."

"என் மீச மேலயே சந்தேகமா? இது எங்க தாத்தா காலத்துலர்ந்து—"

"தாத்தாகிட்டயே இருக்கட்டும். என் வாய்ப் பக்கம் வேணாம்."

அவன் கழுவினான். கழுவிய மீசை, நனைந்த பூனைக்குட்டி போல அவன் முகத்திலேயே படுத்துக்கிடந்தது.

(சுவரைப் பற்றி ஒரு குறிப்பு. அவர்கள் வீட்டுக்கு எதிர்ச்சுவரில் செங்கல் கிடையாது. எப்போதோ கரைந்துவிட்டது. தேர்தலுக்குத் தேர்தல் ஒட்டிய சுவரொட்டிகளின் மைதாப் பசைதான் சுவராக நிற்கிறது. ஒரு மாடு தினமும் வந்து தெற்குப் பக்கத்தை நக்கியதில் சுவர் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. வடக்குப் பக்கம் நக்க இன்னொரு மாட்டை ஏற்பாடு செய்து நிமிர்த்தினார்கள். தாட்சாயணி அந்தச் சுவரைக் கடக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வாள்.)

4

ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்து முந்தானையை உதறினாள். வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. ஆதிநாராயணன் குனிந்து, விரலில் தொட்டு, நாக்கில் வைத்தான்.

"மைதா."

அவள் முந்தானையை மறுபடி உதறிப் பார்த்தாள்.

"இன்னிக்கு எந்த ஓட்டல்ல பரோட்டா? மீசையக் கழுவச் சொன்னியே, முந்தானைய யாரு கழுவறது?"

"எனக்குத் தெரியாதுய்யா. எப்டி ஒட்டிச்சோ."

"தெரியாமலா மாவு வந்து மடியில ஒக்காரும்? பிச்சாட்டூருக்கு மூட்டயக் கட்டு."

(இந்த இடத்தில் எனக்கு ஆதிநாராயணன் மேலேயே சந்தேகம் வந்தது. பெண்டாட்டி முந்தானையில் உதிர்ந்ததை எந்த ஆட்டோக்காரன் நக்கிப் பார்ப்பான்? அவனை எடுத்துவிட்டு ஒரு மாமியாரைப் போடலாமா என்று யோசித்தேன். மாமியார் வந்தால் கதை என் பேச்சைக் கேட்காது. விட்டுவிட்டேன்.)

அன்றிரவு தாட்சாயணிக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. தூக்கத்தில் எழுந்து நடந்து போய்ப் பரோட்டா தின்று வருகிறோமோ? அப்படியானால் ஓட்டல்காரன் ஒருநாளாவது சொல்லியிருக்க மாட்டானா? அவள்—

(அந்த வாக்கியம் எங்கே போகும் என்று தெரியவில்லை. இருக்கட்டும்.)

5

மறுநாள் தறியில் ஓர் இழை அறுந்தது. தறிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அறுந்த நுனியை நாக்கில் வைத்து ஈரமாக்கி, முறுக்கி, முடிச்சுப் போட்டு, மிச்சத்தைப் பல்லால் கடித்துத் துப்புவார்கள். கத்தரியைத் தேடி எடுப்பதற்குள் தறி இன்னும் நாலு இழையை அறுத்து வைக்கும் என்பதால் அங்கே பல்தான் கத்தரி. துப்பியது போக மிச்சம் உள்ளே.

தாட்சாயணி நுனியை நாக்கில் வைத்தாள். அப்படியே நின்றாள். பக்கத்துத் தறியில் இருந்த மனோரமாவைப் பார்த்து, தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

"அக்கா, கஞ்சி எதுல போடறாங்க?"

"இன்னா, பசிக்குதா?"

"பாவு நூலுக்குக்கா. வெறப்பா நிக்கப் போடறாங்களே, அந்தக் கஞ்சி."

"மைதாலதான். சவ்வரிசில இழ நிக்கலன்னு ரங்கையா மொதலாளி எப்பவோ மாத்திட்டாரே."

சாயங்காலம் அவள் மூட்டை கட்டவில்லை. தறிக்கடியில் கூட்டி எடுத்த நூல் கழிவை ஆதிநாராயணனின் உள்ளங்கையில் வைத்தாள்.

"நாக்குல வெச்சிப் பாரு. உனக்குத்தான் ருசி தெரியுமே."

வைத்தான். மென்றான். "மைதா."

"இதத்தான்யா ஒரு வருசமா துன்னுக்கினு இருக்கேன்."

"அப்ப பரோட்டா இல்லியா?" அவன் குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

"நூலுதான். இன்னும் கொஞ்ச நாள் உட்டிருந்தா வவுத்துலயே பொடவ நெய்ஞ்சிருப்பேன்."

அன்று முதல் அவள் கழுத்தில் கயிறு கட்டிய கத்தரி தொங்கியது. மூக்குக்கும் வாய்க்கும் சேர்த்து ஒரு துணி. சோறு உண்ணுமுன் முழங்கை வரை சோப்பு. (சோப்பின் லேபிளையும் படித்தாள்.) சில மாதம் கழித்துத் திருப்பதியில் மறுபடி ரத்தம் கொடுத்தாள். ஆதிநாராயணன் இன்னும் முழுதாக நம்பவில்லை. "எண்ணு வரட்டும், பேசிக்கலாம்" என்கிறான். எண் நாளைக்கு வருகிறது.

6

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

எண் இறங்கியது. ஆதிநாராயணன் ஆட்டோவை ஓரங்கட்டி, "தப்பு எம்மேலதான் தாட்சா" என்று—

எழுத முடியவில்லை. என் பேனாவே நம்பவில்லை.

எண் இறங்கவில்லை. அவன் பிச்சாட்டூர் பாதையில் ஆட்டோவை விடுகிறான். ஏரிக்கரை வந்ததும் வண்டியை நிறுத்துகிறான். திரும்புவானா, தொடர்வானா என்று ஆட்டோவுக்கே தெரியவில்லை.

எண் இறங்கியது. தாட்சாயணி அதை அவனிடம் காட்டிவிட்டு, தானே மூட்டை கட்டுகிறாள். "கோதும போச்சு. உன் சந்தேகம் போவல. அது ஒடம்புக்கு ஆவாது" என்கிறாள். (இது எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே இதன் மேல் சந்தேகமாக இருக்கிறது.)

எது வேண்டுமோ நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். அவளை நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்ய, அவள் புருஷனைவிட உங்களிடம் ஆதாரம் அதிகம் இருக்கிறது. மீசை முதல் மைதா வரை எல்லாம் காட்டிவிட்டேன். ஒரே ஒரு விவரத்தை மட்டும் கதையில் எங்கே வைப்பது என்று தெரியாமல் வெளியே வைத்திருந்தேன். சத்தியம் செய்தவன் அதையும் சொல்லிவிட வேண்டும்.

போன வாரம் தாட்சாயணியைப் புத்தூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். வெங்காய சமோசா தின்றுகொண்டிருந்தாள்.