ஷமீமா பாபி வீட்டு டப்பா

எங்க வீட்டு கிச்சன்ல மூணு வாரமா ஒரு டப்பா சும்மா கெடந்துச்சு. எவர்சில்வர் டப்பா, ரெண்டு பக்கமும் கிளிப் வச்சது. மூடி மேல சிவப்பு நெயில் பாலிஷ்ல ஒரு புள்ளி இருக்கும். அது ஷமீமா பாபி வச்ச புள்ளி. விசேஷ வீட்ல பாத்திரம் மாறிடக்கூடாதுன்னு அவங்க வீட்டுச் சாமான் எல்லாத்துலயும் அந்தப் புள்ளி இருக்கும்.

பாபின்னா அண்ணி. என் ஃபிரெண்டு ரவூஃப் பாயோட சம்சாரம். ரவூஃபும் நானும் பதினாறு வருஷமா ஒரே ஃபெர்ரில போறவங்க. ரெண்டு பேருக்கும் வீடு பாம்பூஃப்ளாட்ல, வேலை தண்ணிக்கு அந்தப் பக்கம். எனக்கு கவர்மெண்ட் ஆபீஸ்ல கிளார்க் வேலை, அவருக்கு ஒர்க்‌ஷாப்ல வெல்டிங். காலைல எட்டு பத்து ஃபெர்ரில இடது பக்கம் ரெண்டாவது பெஞ்சு எங்களுது. எழுதி வைக்கல, ஆனா வேற யாரும் உக்கார மாட்டாங்க.

அவங்க குடும்பம் வெள்ளைக்காரன் காலத்துல இந்தத் தீவுக்குக் கைதியா வந்தவங்க வழி. இங்கயே பொறந்தவங்கன்ற அர்த்தத்துல அவங்கள 'லோக்கல் பார்ன்'னு சொல்வோம். வீட்ல ஹிந்தி, உருது எல்லாம் கலந்து பேசுவாங்க. எங்க அப்பா பரமக்குடிலருந்து வந்தவர். நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறது ஹிந்திலதான், இங்க நான் தமிழ்ல எழுதுறேன்.

வாரத்துல ஒரு நாள் பாபிகிட்டருந்து டப்பா வரும். கீமா, கடி பக்கோடா, ஆலு கோஷ்த், ஏதாவது. அத என் வீட்டுக்காரி ஜெயலட்சுமி திருப்பி அனுப்புறப்போ உள்ள ஏதாவது இருக்கணும். புளியோதரை, பணியாரம், ஒண்ணுமே இல்லன்னா ஒரு கை சக்கரை. ரெண்டு வீட்லயும் அதுதான் வழக்கம். பாத்திரம் வெறுமனே போகக்கூடாது.

இப்ப நான் செஞ்ச தப்புக்கு வரேன்.

மூணு வாரம் முன்னாடி டப்பால நிஹாரி வந்துச்சு. தெரியாதவங்களுக்கு சொல்றேன், அது எலும்புக்கறிய மணிக்கணக்கா சின்னத் தீயில வேக வச்சு, கோதுமை மாவு கரைச்சு விட்டுக் கெட்டியாக்குற குழம்பு. ஆபீஸ்ல மத்தியானம் தொறந்தேன். ஜோக் அடிக்கணும்னு தோணுச்சு. போட்டோ எடுத்து எங்க ஃபெர்ரி வாட்சப் குரூப்ல போட்டேன். கீழ, "ரவூஃப் வீட்டு சால்னா. மாவு கரைச்சு விட்டிருக்கு. பரோட்டாவ காணோம்" அப்படின்னு எழுதுனேன். போட்டுட்டு டப்பாவ வழிச்சு வழிச்சு சாப்ட்டேன். அத யாரும் போட்டோ எடுக்கல.

குரூப்ல முப்பத்திரெண்டு பேரு. எல்லாரும் சிரிக்கிற பொம்மை போட்டாங்க. மறுநாள் ஃபெர்ரில ஒருத்தன் "க்யா சால்னா பாய், பரோட்டா லாயா?"ன்னு, பரோட்டா கொண்டாந்தியான்னு, ரவூஃபக் கேட்டான். அப்புறம் எல்லாரும் அப்படியே கூப்ட ஆரம்பிச்சுட்டாங்க. பாபி ரேஷன் கடைக்குப் போனா அங்கயும் ஒரு பொம்பள, "உங்க வீட்ல இப்ப சால்னாவாமே"ன்னு கேட்டிருக்கா.

அதோட ரவூஃப் பெஞ்சுக்கு வர்றதில்ல. பின்னாடி பைக் நிறுத்துற இடத்துல போய் நின்னுக்குவாரு. டப்பாவும் வரல. எங்க வீட்ல இருந்த டப்பா போகவும் இல்ல.

"சக்கரையப் போட்டு குடுத்துட்டு வாங்க"ன்னா ஜெயா. "மூணு வாரமா கண்ணுல படுது. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

"சக்கரை குடுத்தா கணக்கு முடிஞ்சுதுன்னு ஆயிடும், ஜெயா."

"அப்ப தேன் ஊத்திக் குடுங்க."

ஒரு நாள் காலைல நல்ல மழை. ஃபெர்ரில எல்லாரும் நடுவுல ஒதுங்க, ரவூஃப் தோள் என் தோள்ல வந்து முட்டுச்சு. நகர இடமில்ல.

"பாய், டப்பா என்கிட்ட இருக்கு"ன்னேன்.

"இருக்கட்டும்."

"பாபிகிட்ட பேசணும். போன் போடவா?"

"போன்ல வேணாம். போன்லதான் எல்லாம் ஆரம்பிச்சுது." அப்புறம் சொன்னாரு. "அன்னைக்கு அவ ரெண்டு சட்டி வச்சா வேலு. எங்களுக்கு ஒண்ணு, மாடு. உனக்குத் தனியா ஒண்ணு, ஆடு. கரண்டி கூட ரெண்டு. இதுல உள்ளது அதுல ஒரு சொட்டு விழுந்துடக்கூடாதுன்னு என்னைய அடுப்புப் பக்கமே விடல."

எங்க வீட்ல மாடு சாப்பிட மாட்டோம். அது அவங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். ஆனா இந்தப் பதினாறு வருஷத்துல ஒவ்வொரு தடவையும் தனிச் சட்டி வச்சிருப்பாங்கன்றது எனக்குத் தோணவே இல்ல. டப்பா வந்தா தொறந்து சாப்டுவேன், அவ்வளவுதான்.

ஃபெர்ரி அந்தக் கரைல, சாத்தம் ஜெட்டில வந்து நின்னுச்சு. ரவூஃப் எறங்கிப் போயிட்டாரு.

அன்னைக்கு சாயங்காலமே முடிவு பண்ணிட்டேன். அந்த டப்பால நிஹாரிதான் போகணும், அதுவும் நானே வச்சது. அவங்க வச்ச ஒரு சாமான நான் கிண்டல் பண்ணேன். அது எவ்வளவு வேலைன்னு நான் செஞ்சு பாத்துட்டுத்தான் அவங்க முகத்தப் பாக்கணும்.

யூட்யூப்ல ஒரு கராச்சிக்காரம்மா கெடச்சாங்க. கேமரால முகம் தெரியாது, வளையல் போட்ட கை மட்டும் தெரியும். தீவுல பொறந்து வளந்ததால உருது எனக்குப் பாதிக்கு மேல புரியும். மீதிய கையப் பாத்துப் புரிஞ்சுக்கிட்டேன். அஞ்சு தடவை பாத்தேன். சோம்பு, சீரகம், சுக்கு, ஜாதிபத்திரி, ஏலக்காய், திப்பிலி. எல்லாத்தையும் வறுத்து அரைக்கணும். திப்பிலிக்கு பஜார்ல நாலு கடை ஏறி எறங்குனேன்.

ஜெயா பொட்டலத்தப் பிரிச்சுப் பாத்தா. "சுக்கு, திப்பிலி... குழம்பு வைக்கிறீங்களா, கஷாயம் காய்ச்சுறீங்களா?"

"நீ பேசாம இரு."

"நான் ஏன் பேசப் போறேன். சளி புடிச்சா வாங்கிக் குடிச்சுக்கிறேன்."

ஞாயித்துக்கிழமை காலைல ஆறரைக்கே கறிக்கடைல நின்னேன். ஒரு ஆடுதான் அறுப்பாங்க, லேட்டாப் போனா தலைதான் மிஞ்சும். கால் கறி எலும்போட வாங்கிட்டு வந்தேன். ஏழேகாலுக்கு அடுப்புல ஏத்துனேன். குக்கர் வேணாம்னு கராச்சிக்காரம்மா சொல்லியிருந்தாங்க. சின்னத் தீ, கனமான மூடி. நான் ஸ்டூல் போட்டு பக்கத்துலயே உக்காந்துட்டேன்.

பத்து மணி வரைக்கும் ஒண்ணும் நடக்கல. கறி கல்லு மாதிரி இருந்துச்சு. ஜெயா சிலிண்டரத் தட்டித் தட்டிப் பாத்துட்டுப் போனா. பதினொரு மணிக்கு மேலதான் வாசம் மாறுச்சு. மேல செக்கச்செவேல்னு எண்ணெய் மெதந்து வந்துச்சு. அதுக்குப் பேரு தரி. நிஹாரிக்கு அதுதான் அழகு. அத அப்படியே கரண்டியால வழிச்சு ஒரு கிண்ணத்துல தனியா எடுத்து வச்சுடணும். மாவு கரைச்சு விட்டு, கொதிச்சு கெட்டியானப்புறம், கடைசில மேல ஊத்தணும். அப்பதான் சிவப்பா நிக்கும்.

எண்ணெய வழிச்சு கிண்ணத்துல வச்சேன். மாவு கரைச்சு விட்டேன். அது கட்டி தட்டிருச்சு, மத்தால கடைஞ்சு கரைச்சேன். ஒரு வழியா குழம்பு மாதிரி ஆச்சு. அரை மணி நேரம் கொதிக்கட்டும்னு ஜெயாகிட்ட "தீய மட்டும் பாத்துக்கோ, குளிச்சுட்டு வந்துடுறேன்"னு சொல்லிட்டுப் போனேன்.

தலைக்கு ரெண்டு சொம்பு ஊத்தியிருப்பேன். கிச்சன்லருந்து சட சடன்னு சத்தம். கடுகு பொரியிற சத்தம். அப்புறம் சொய்ங்குன்னு ஒரு சத்தம். கறிவேப்பிலை வாசம் பாத்ரூம் வரைக்கும் வந்துச்சு.

துண்டக் கட்டிட்டு ஓடுனேன். "என்ன பண்ணுன?"

"தாளிச்சேன்"னா. "நாலு மணி நேரமா வைக்கிறீங்க, தாளிக்கவே இல்ல. எண்ணெய மட்டும் கிண்ணத்துல தனியா எடுத்து வச்சிருந்தீங்கல்ல, அதுக்குத்தானன்னு அதுலயே தாளிச்சுக் கொட்டிட்டேன்."

அவளத் திட்ட வாய் வந்துச்சு, ஆனா திட்ட முடியல. கிண்ணத்துல எண்ணெய எடுத்து வச்சா எங்க வீட்ல அது தாளிக்கத்தான். நானே அவ இடத்துல இருந்தா அதத்தான் செஞ்சிருப்பேன்.

ஒரு ஸ்பூன எடுத்துட்டு வந்து கறிவேப்பிலைய ஒவ்வொண்ணாப் பொறுக்குனேன். ஜெயாவும் ஒரு ஸ்பூன எடுத்துக்கிட்டா. கறிவேப்பிலை போயிடுச்சு. கடுக எப்படிப் பொறுக்குறது?

"சக்கரையே போட்டுக் குடுத்துடலாங்க"ன்னா, மெதுவா.

மறுபடி வைக்க கறியும் இல்ல, கடையும் மூடியாச்சு. அடுத்த ஞாயிறுன்னா இன்னும் ஒரு வாரம் அந்தப் பெஞ்சுல நான் தனியா உக்காரணும். டப்பாவக் கழுவித் தொடைச்சேன், உள்ள ஊத்துனேன், கிளிப்பப் போட்டேன். மூடில இருந்த சிவப்புப் புள்ளியப் பாத்துட்டே மேட்டுல ஏறுனேன். அவங்க வீடு எங்க வீட்லருந்து ரெண்டு தெரு மேல.

கதவ பாபிதான் தொறந்தாங்க. டப்பாவப் பாத்தாங்க. "ஆயியே"ன்னாங்க, வாங்கன்னு அர்த்தம், அவ்வளவுதான். எப்பவும் "வேலு பாய்"னு சேத்து சொல்வாங்க. உள்ள ரவூஃப் நாற்காலில உக்காந்திருந்தாரு, டிவி சத்தத்தக் கொறைச்சாரு.

"பாபி, இது நான் வச்சது. நிஹாரி"ன்னேன். "எனக்குத் தனிச் சட்டி வச்சது எனக்குத் தெரியாது. தெரியாட்டாலும் நான் அப்படி எழுதிருக்கக்கூடாது. தப்பு என்னோடது."

அவங்க டப்பாவ மேசைல வச்சு கிளிப்பத் தொறந்தாங்க. நல்ல ஆவி. குனிஞ்சு பாத்தாங்க. ஒரு ஸ்பூன எடுத்துட்டு வந்து கிண்டுனாங்க.

"தரி எங்க?"

"உள்ள இருக்கு பாபி."

"தரி மேலதான இருக்கணும். இது என்ன கறுப்பு கறுப்பா?"

"கடுகு."

"நிஹாரில கடுகா?"

"தரிய கிண்ணத்துல எடுத்து வச்சேன். நான் குளிக்கப் போன நேரத்துல ஜெயா அது தாளிக்க எடுத்து வச்ச எண்ணெய்னு நெனச்சுட்டா. அதுலயே கடுகு, கறிவேப்பிலை போட்டு... கறிவேப்பிலைய நாங்க பொறுக்கிட்டோம்."

ரவூஃப்தான் முதல்ல சிரிச்சாரு. மூக்கு வழியா ஒரு சத்தம், அப்புறம் டிவி ரிமோட்டக் கீழ போட்டுட்டாரு. பாபி அவரத் திரும்பி மொறைச்சாங்க. மொறைச்ச மூஞ்சி அப்படியே நிக்கல. முந்தானைய வாயில வச்சுக்கிட்டாங்க. "தரில கடுகு தாளிச்சாளாம்! யா அல்லா. தரில!"

கண்ணத் தொடைச்சுட்டு ஒரு ஸ்பூன் எடுத்து வாயில வச்சாங்க. நான் நின்னுட்டே இருந்தேன்.

"கறி நல்லா வெந்திருக்கு. எவ்வளவு நேரம் வச்சீங்க?"

"அஞ்சு மணி நேரம்."

"மாவ வறுத்தீங்களா?"

"இல்ல. வீடியோல கராச்சிக்காரம்மா வறுக்கல."

"அவளுக்கு என்ன தெரியும். பச்சை மாவு வாசம் அப்படியே நிக்குது. லேசா செவக்க வறுத்துட்டுக் கரைக்கணும்." இன்னொரு ஸ்பூன் எடுத்தாங்க. "வேலு பாய், இது நிஹாரி இல்ல. சால்னா."

"சரி பாபி."

"போன எடுங்க."

எடுத்தேன். டப்பாவப் போட்டோ எடுக்கச் சொன்னாங்க, கடுகு தெரியிற மாதிரி கிட்டத்துல. குரூப்ல போடச் சொன்னாங்க. கீழ என்ன எழுதணும்னு அவங்களே சொன்னாங்க, நான் எழுத்து எழுத்தா அடிச்சேன். "குழந்தைவேலு வீட்டு சால்னா. அஞ்சு மணி நேரம் ஆச்சு. ஷமீமா வைக்கிறதுதான் நிஹாரி."

போட்டேன். ஒரு நிமிஷத்துல போன் துள்ள ஆரம்பிச்சுது.

டீ குடுத்தாங்க, குடிச்சேன். கெளம்புறப்போ டப்பாவ வேற பாத்திரத்துல கவுத்துட்டு, கழுவி, அவங்க அலமாரில வச்சுட்டாங்க. என் கையில ஒண்ணும் குடுக்கல. வெறுங்கையோட மேட்ட விட்டு எறங்கி வந்தேன். டப்பா அவங்க வீட்டுக்குப் போயாச்சு, வழக்கமும் முடிஞ்சுது, இனிமே வருமா வராதான்னு எனக்குத் தெரியல. கிச்சன்ல அந்த எடம் காலியா இருந்துச்சு. ஜெயாவும் அங்க வேற எதையும் வைக்கல.

திங்கக்கிழமை ஃபெர்ரில ஏறுறப்போ "சால்னா வேலு"ன்னு பின்னாடியிருந்து நாலு குரல். என் காதுக்கு அது நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டாவது பெஞ்சுல ரவூஃப் எனக்கு முன்னாடியே உக்காந்திருந்தாரு. அவரு பக்கத்துல இருந்த பைய மட்டும் எடுத்து மடில வச்சுக்கிட்டாரு, நான் உக்கார்றதுக்கு.

செவ்வாய், புதன் ஒண்ணும் இல்ல. வியாழக்கிழமை அந்தப் பைக்குள்ளருந்து டப்பாவ எடுத்துக் குடுத்தாரு. சிவப்புப் புள்ளி போட்ட அதே டப்பா. நான் ஃபெர்ரிலயே தொறந்து பாத்தேன். பருப்பு. வெறும் மாஷ் தால், அதாவது உளுத்தம்பருப்பு, மேல இஞ்சி நறுக்கிப் போட்டது.

"நிஹாரி இனிமே டப்பால வராதுன்னு சொல்லச் சொன்னா"ன்னாரு ரவூஃப். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து உக்காந்து சாப்பிடணுமாம். ஜெயாவ பத்து மணிக்கே அனுப்பணுமாம், தரி எப்ப ஊத்துறதுன்னு கண்ணால பாக்கட்டும்ங்குறா."

"நான்?"

"நீ சாப்பாட்டு நேரத்துக்கு வந்தா போதும். போன வீட்ல வச்சுட்டு வா."