பத்தாவது நடைவழி

இயக்குநர் கேட்டது ஒரே ஒரு படம். புது அலுவலகத்தில் ஐந்து பிரிவுகள்: கொள்முதல், கிடங்கு, பணியாளர், தபால், வரைபடம். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் மற்ற நான்குக்கும் நேரடி நடைவழி வேண்டும். மாடி கிடையாது, எல்லாம் ஒரே தளம். எந்த நடைவழியும் இன்னொன்றின் குறுக்கே போகக் கூடாது.

“ரெண்டு வழி குறுக்க வந்தா அங்க நின்னு பேசுவாங்க. பேச ஆரம்பிச்சா வேலை நடக்காது,” என்றார் இயக்குநர்.

வரைபடப் பிரிவு என்பது ஒரு சாய்வு மேஜையும் ஒரு பெண் வரைவாளரும்தான். ஆறு வருடமாகத் தற்காலிக வேலை. அவளை நிரந்தரமாக்கும் ஆணை இயக்குநர் மேஜையில் கையெழுத்துக்குக் கிடந்தது.

“வெள்ளிக்கிழமை படம் வரட்டும். உடனே போட்டுடறேன்.”

ஒன்பது வழிகள் சிரமமில்லாமல் வந்துவிட்டன. கிடங்கிலிருந்து தபாலுக்குப் போகும் பத்தாவது வழி மட்டும் எப்படி வளைத்தாலும் எதையாவது வெட்டியது. அதைச் சரிசெய்தால் வேறொன்று மாட்டிக்கொண்டது.

“இதுக்கா மூணு நாளா மூஞ்சிய தூக்கி வச்சிருக்கே?” என்றார் தையற்காரரான அவள் கணவர். ஒரு துண்டுத் துணியில் ஐந்து பொத்தான்களைத் தைத்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நூல் ஓட்ட ஆரம்பித்தார். அரை மணி நேரத்தில் பேச்சு நின்றது. ஒரு மணி நேரத்தில் தேநீர் ஆறியது.

“ஊசிய பின்பக்கமா விட்டா வந்துடும்.”

“அது சுரங்கப்பாதைங்க. எங்களுக்குத் தரைதான்.”

துணியை வாங்கிப் பார்த்தபோதுதான் அவளுக்குப் பிடிபட்டது. மூன்று பொத்தான்களை இணைத்தால் ஒரு வேலி. நான்காவதை உள்ளே வைத்து மூன்றோடும் இணைத்தால், உள்ளே மூன்று அடைப்பு, வெளியே ஒன்று. ஐந்தாவதை இந்த நான்கில் எங்கே வைத்தாலும், ஏதோ ஒரு பொத்தான் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. நான்காவதை வெளியே வைத்தாலும் இதே கதைதான். நூலை எப்படி நெளித்தாலும் ஒன்பதுக்கு மேல் போகாது.

“அப்போ என் தையல்ல தப்பில்ல,” என்றார் கணவர் நிம்மதியாக.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அவள் துணியை விரித்துக் காட்டினாள். இயக்குநர் பொத்தான்களைப் பார்க்கவே இல்லை.

“நான் ஒரு வேலை சொன்னா நீங்க குறுக்க நிக்கிறீங்க.”

“நான் நிக்கல சார். கோடுதான் நிக்குது.”

பிரிவுத் தலைவர்கள் உதவிக்கு வந்தார்கள்.

“தாளைத் திருப்பிப் போட்டுப் பாத்தீங்களா?” என்றார் கிடங்கு.

“பேனா மெல்லிசா இருந்தா இடம் கிடைக்கும்,” என்றார் தபால்.

“பெரிய தாளுக்கு டெண்டர் விடலாம்,” என்றார் கொள்முதல்.

ஆளுக்கொரு பென்சிலோடு உட்கார்ந்தார்கள். மதியத்துக்குள் குப்பைக் கூடை நிரம்பிவிட்டது.

“யாராவது ரெண்டு பேர் ஒரு வழிய விட்டுக்கொடுத்தா முடிஞ்சுது,” என்றாள் அவள்.

“நான் தபாலுக்குப் போறதே இல்லதான். அதுக்காக வழி இல்லாம இருக்கலாமா?” என்றார் கிடங்கு.

இயக்குநர் யோசித்தார். “நாலு அறைன்னா குறுக்க வராதா?”

“வராது சார். ஆறு வழி, கச்சிதமா இருக்கும்.”

“அப்போ ஒரு பிரிவ எடுத்துடுவோம்.”

நான்கு தலைவர்களும் ஒரே நேரத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“படம் முடிஞ்சிட்டா வரைபடப் பிரிவுக்கு என்ன வேலை?” என்றார் இயக்குநர்.

தன் வேலைக்கு உலை வைக்கத் தானே கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

“சரி சார். ஆனா கட்டடப் படத்துல நிரந்தர ஊழியர்தான் கையெழுத்துப் போடணும். தற்காலிக ஆள் போட்டா செல்லாது.”

“அப்படி ஒரு விதி இருக்கா?” என்று இயக்குநர் பணியாளர் பிரிவுத் தலைவியைக் கேட்டார்.

இல்லை என்று சொல்ல விதிப் புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும். “இருக்கு சார்,” என்றார் தலைவி.

இயக்குநர் ஆணையில் கையெழுத்துப் போட்டார். பத்து நிமிடத்தில் நான்கு அறைகளும் ஆறு நடைவழிகளும் தாளில் வந்தன. அவள் தன் கையெழுத்தைப் போட்டு நீட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

“சார், இப்போ நான் எங்க உக்காரணும்?”

கைதட்டல் நின்றது. தங்கள் அறையில் இடமில்லை என்பதில் நால்வரும் ஒற்றுமையாக இருந்தார்கள். நிரந்தர ஊழியரை வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று தலைவி முணுமுணுத்தார். இந்த முறை அது நிஜமாகவே விதி.

“படத்துல உங்களுக்கு இடமே இல்லையேம்மா,” என்றார் இயக்குநர்.

“பரவால்ல சார். சம்பளம் வாங்க அறை எதுக்கு?” என்று சொல்லி, அவள் ஆணையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.