பிக்ஸியின் இருமல்

டாக்டர் இரண்டு விரல்களால் பிக்ஸியின் தொண்டையை அழுத்தியபோது ஆயா வியாகுலம்மாள் மூச்சை அடக்கிக்கொண்டாள். நாய் இருமவில்லை. வராந்தா மேசைமேல் கண்கள் செருக நின்றது. சாதுவான நாய் என்று துரைசாணியிடம் சொல்லிவிட்டு டாக்டர் பேனாவைத் திறந்தார்.

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. ராயபுரம் பங்களாவின் துரை முன்பே போய்விட்டார். துரைசாணிக்கு அன்று மாலை கப்பல். சீமையில் இறங்கியதும், நோய் பரவாதிருக்க நாயை ஆறு மாதம் தனிக் கொட்டடியில் அடைப்பார்கள். அதுவரை அதன் உயிருக்கு இன்ஷூரன்ஸ் வேண்டும், நோயுள்ள நாயைக் கம்பெனி ஏற்காது, ஏற்காவிட்டால் கொண்டுவராதே என்று துரை எழுதியிருந்தார். பிக்ஸி இரண்டு கைக்குள் அடங்கிவிடும் யார்க்‌ஷயர் டெரியர். பின்னங்கால் முட்டி அடிக்கடி நழுவும். வியாகுலம்மாள் நீவி உள்ளே தள்ளிவிடுவாள். இருமல்தான் அவள் கைக்கு அடங்காதது. துறைமுகத்தில் கரி இறக்கும் நாட்களில் வாத்து கத்துவதுபோல் இருமி, நாக்கு நீலம் பாரித்துச் சரிந்து விழும். மடியில் போட்டுத் தொண்டையைத் தடவிக்கொண்டே இருந்தால்தான் மூச்சு திரும்பும்.

டாக்டர் வருமுன், காலையில் சமையலறையில் அவள் புருஷன், பட்லர் யேசுதாஸ், பாலில் அபினைக் கரைத்தான்.

"தாங்குமாய்யா? எலிக்குட்டி மாதிரி கீது."

"கடுகுல பாதிதான் மே. நம்ம புள்ளைக்குப் பல்லு மொளைக்க சொல்லோ நீ குடுக்கல? இருமிச்சுன்னா ஊசிதான். எதுத்த பங்களாவுல ரெண்டு நாயி இன்னா ஆச்சு, பாத்த இல்ல?"

பார்த்திருந்தாள். கொண்டுபோக முடியாத நாய்களை ஊசி போட்டுத் தோட்டத்தில் புதைத்திருந்தார்கள். கிண்ணத்தை அவளேதான் பிக்ஸியின் வாயருகே பிடித்தாள்.

டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனபின் துரைசாணி நாயை முத்தமிட்டு, யேசுதாஸிடம் இங்கிலீஷில் நெடுநேரம் பேசினாள். அவன் தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தபோது முகம் சரியில்லை.

"இன்னாய்யா?"

"டாக்டரு தேறாதுன்னு சொல்லியிருந்தா நாய நம்மகிட்டயே வுட்டுட்டுப் போலாம்னு இருந்தாங்களாம். உன் கையில நல்லா இருக்கும்னு சொல்றாங்க."

வியாகுலம்மாள் தட்டை அவன் கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

"முன்னாடியே சொன்னா இன்னாவாம்?"

"நம்மகிட்ட இன்னாத்துக்கு சொல்லணும்?"

"அப்ப போய் நெசத்த சொல்லிடு. கப்பல்ல அத்தோட தொண்டைய யாரு தடவுவாங்க?"

"அபின் குடுத்தோம்னா? அப்பால எனக்கு எவன் சீட்டு குடுப்பான்?"

வேலைக்காரன் நல்லவன் என்று துரைமார் எழுதித் தரும் அந்தச் சீட்டு இல்லாமல் வேறு எந்தப் பங்களாவிலும் நுழைய முடியாது. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் வராந்தாவுக்குப் போனாள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷில் அபினுக்குச் சொல் இல்லை, மூச்சுக்குழலுக்கும் இல்லை. "மேடம், பிக்ஸி" என்று நாயைக் காட்டினாள். தன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமிக் காட்டினாள். பொய்யாகத் தொடங்கியது நிஜமாகவே வந்துவிட்டது. குனிந்து, கண்ணில் நீர் வர இருமினாள்.

துரைசாணி நாயை மார்போடு அணைத்துப் பின்னால் நகர்ந்தாள். கைக்குட்டை மூக்குக்குப் போயிற்று. யேசுதாஸைக் கூப்பிட்டு என்னவோ கேட்டாள். அவன் தரையைப் பார்த்தபடி சொன்ன பதிலில் "எஸ், மேடம்" மட்டும் இவளுக்குப் புரிந்தது.

"தள்ளிப் போ மே," என்றான். "காச நோயான்னு கேக்கறாங்க. நாய இனிமே தொடக் கூடாதாம்."

மாலையில் அவள் தோட்டத்து வேலியோரம் நின்றாள். கார் மெதுவாக அவளைத் தாண்டியது. துரைசாணியின் முழங்கையில் பிக்ஸியின் தலை துவண்டு கிடந்தது. பாலுண்ட குழந்தைபோல வாய் லேசாகத் திறந்திருந்தது. ஜன்னல் வழியே வந்த கடற்காற்று அதன் கண்ணை மறைத்த மயிரை ஒதுக்கிற்று. கண்கள் மூடியே இருந்தன.