நாகம்பாறைக் கேற்றடி

யசோதினியின் மகன் மதுஷனைச் சுனாமியில் கடல் கொண்டுபோனபோது அவனுக்கு நான்கு வயது. கல்லடி வீடும் போயிற்று. உடல் கிடைக்கவில்லை, ஒரு சட்டைகூட மிஞ்சவில்லை. அவனுக்கு முதல் முடி இறக்கியது காட்டுக்குள் ஊரார் கும்பிடும் நாகம்பாறையில்தான். அந்த முடியைப் பாறையடியில் புதைத்திருந்தார்கள். பழுகாமத்தில் தாய்வீட்டுக்கு வந்துவிட்ட யசோதினி, அடுத்த ஆடியில் ஊர்ப் பெண்களோடு காட்டுவழி நடந்து அங்கே போய் விளக்கு வைத்தாள். பிறகு சண்டை மூண்டது. காட்டுக்குள் யாரும் போக முடியவில்லை.

சண்டை ஓய்ந்து பாதை திறந்ததும் ஆடி வெள்ளியன்று பொங்கல் பானையோடு மறுபடி போனார்கள். வழியை மறித்துப் புதிதாக ஒரு இரும்புக் கேற் நின்றது. பாறையும் காடும் இப்போது வனப்பூங்காவாம். டிக்கெட் எடுத்து ஜீப்பில் போகலாம். நடக்கக் கூடாது, நெருப்பு மூட்டக் கூடாது.

பொறுப்பதிகாரி அருமைநாயகம் தன்மையாகத்தான் பேசினார்.

"போன மாசம் விறகுக்குப் போன ஒராள யானை அடிச்சது. பாறையில பழங்காலத்து எழுத்து இருக்கு, புகை பட்டா அழிஞ்சிரும். நான் என்ன செய்ய?"

"நெருப்பு மூட்டல்ல ஐயா. பூ மட்டும் வைக்கிறம். ஆனா நடந்துதான் போவம்," என்றாள் யசோதினி.

"ஜீப்பில போங்க. டிக்கெட் நான் எடுத்துத் தாறன்."

"என்ட புள்ளையிட்டப் போக எனக்கு டிக்கெட்டா? நான் என்ன, யானை பாக்க வந்த ஆளா?"

அவர் பதில் சொல்வதற்குள் பின்னால் ஒரு ஜீப் வந்து ஹோர்ன் அடித்தது. கொழும்பிலிருந்து வந்த பயணிகள். காவலாளி கேற்றைத் திறந்தான். யசோதினி பானையை இறக்கிவைத்து நடுப்பாதையில் உட்கார்ந்தாள். முழங்கால் வலிக்காரி ஆச்சிப்பிள்ளையும் பக்கத்தில் அமர்ந்தாள். மற்றப் பெண்களும் அமர்ந்தார்கள்.

"எங்களுக்குப் போக ஏலாதெண்டா ஒருத்தருக்கும் ஏலா," என்றாள் ஆச்சிப்பிள்ளை.

ஜீப் திரும்பிப் போயிற்று. மத்தியானம் பொலிஸ் வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனது. கோட்டில் நீதவான் எச்சரித்து விடுவித்தார். அடுத்த வெள்ளியும் அவர்கள் அதே இடத்தில் இருந்தார்கள், அதற்கடுத்த வெள்ளியும்.

மழை தொடங்குமுன் வனத் திணைக்களம் இறங்கி வந்தது. இனி ஆடியில் ஒரு நாள், காவலோடு, நடந்து போகலாம். செய்தி சொல்ல அருமைநாயகமே யசோதினியின் வீட்டுக்கு வந்தார். அவள் தேத்தண்ணி கொடுத்தாள்.

"ஆடிக்கு எல்லாரோடயும் வாறன். மாசியில அவன்ட பிறந்தநாள். அண்டைக்கும் வருவன்."

"அண்டைக்குக் கேற் பூட்டித்தான் கிடக்கும்."

"தெரியும்."

மாசியில் வந்தாள். கேற் பூட்டியிருந்தது. அருமைநாயகம் பார்த்துக்கொண்டு நிற்க, பக்கத்து வேலிக் கம்பியை விலக்கி உள்ளே நுழைந்து நடந்தாள். சற்றுத் தூரம் போனதும் பின்னால் காலடி கேட்டது. தோளில் துவக்கைத் தொங்கவிட்டபடி ஒரு காவலாளி.

"யானை நிக்குதாம் அக்கா. ஐயா உங்களுக்குத் துணைக்கு அனுப்பினவர்."

"வா. மறிக்காமல் வந்தாச் சரி."

பாறையடியில் பூ வைத்து, வெயில் சாயும்வரை இருந்தாள். திரும்பியபோது அருமைநாயகம் கேற்றடியில் காத்திருந்தார்.

"வழக்குப் போடாம விட ஏலா, தங்கச்சி."

"போடுங்க ஐயா. நான் கோட்டுக்கும் வாறன், அடுத்த மாசிக்கும் வாறன்."

வழக்கு இன்னும் முடியவில்லை. யசோதினி ஆடியிலும் போகிறாள், மாசியிலும் போகிறாள்.